நீர்மட்டம் பிரிக்கும் செடிகள்: தருமபுரியின் கரைத் தாவரங்களும் மக்கள் அறிவியலும்

தண்ணீரும் தரையும் சந்திக்கும் இடங்களில் செடிகள் பட்டை பட்டையாக முளைக்கின்றன. கடற்கரை, கழிமுகம், ஆற்றங்கரை, ஏரிக்கரை எங்கும் இதைக் காணலாம். நீரை ஒட்டி ஒரு கூட்டம், சற்றுத் தள்ளி ஈரமண்ணில் இன்னொரு கூட்டம், மேட்டில் புதர்கள், அதற்கும் அப்பால் மரங்கள் என்று சில பத்து மீட்டருக்குள் பல வாழிடங்கள் அடுத்தடுத்து வந்துவிடும். எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதற்கு முதற்காரணம் நீர் என்பதும் பார்த்தவுடனே விளங்கும். களத் தாவரவியல் படிக்கத் தொடங்குபவர்களைக் கரைக்கு அனுப்புவது இதனால்தான்.

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் கரைகள் உண்டு. பென்னாகரம் வட்டத்தில் ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கு இடையே பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. சின்னாறு அங்கே அதனுடன் சேர்கிறது. அதற்குக் கீழே மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் தொடங்கிவிடுகிறது. நாகமரை, ஒட்டனூர் போன்ற ஊர்கள் அந்த நீர்த்தேக்கத்தின் தருமபுரிப் பக்கக் கரையில் இருக்கின்றன. இவை தவிர வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி, பஞ்சப்பள்ளி சின்னாறு அணைகளும் ஊர்தோறும் ஏரிகளும் உள்ளன. கைபேசியும் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கும் யாரும் இங்கே தாவரங்களைக் கற்கலாம். கற்றதை அறிவியலுக்குப் பயன்படும் பதிவாக மாற்றவும் செய்யலாம். பொதுமக்கள் இப்படித் தரவு சேர்ப்பதற்கு மக்கள் அறிவியல் என்று பெயர்.

கடற்கரையில் உப்பு, ஆற்றங்கரையில் வெள்ளம்

கடலோரத்தில் செடிகளைப் பிரிப்பவை உப்பு, காற்று, நகரும் மணல் ஆகியவை. அலைக்கு அருகில் உள்ள மணலில் அடம்பு படர்கிறது. அதன் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்கிறது. இலை நுனியில் பிளவுபட்டு இரு மடலாக இருக்கும். அதே மணல்மேட்டில் முள்முனைப் பந்துகளோடு இராவணன் மீசை என்னும் புல் வளர்கிறது. உப்புச் சேற்றில் உமரியும், பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் வெண்கண்டல், தில்லை முதலிய அலையாத்தி மரங்களும் நிற்கின்றன.

உள்நாட்டு ஆற்றங்கரையில் உப்பு கிடையாது. இங்கே செடிகளைப் பிரிப்பவை இரண்டு: வெள்ளத்தின் வேகம், மண் நீரில் மூழ்கியிருக்கும் காலம். வேகமாக ஓடும் நீருக்கு நடுவே பாறை இடுக்கில் நிற்கும் செடிக்கு வளைந்துகொடுக்கும் தண்டும், நீரைத் தடுக்காத குறுகலான இலையும், பாறையை விடாத வேரும் வேண்டும். ஹோமோனோயா ரிபாரியா என்னும் புதர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்னிந்தியாவின் பாறை ஆறுகளில் வெள்ளம் தலைக்கு மேல் போனாலும் அது பிடுங்கப்படுவதில்லை. நீர் மெதுவாக நகரும் இடங்களில் சம்பு, நாணல், கோரை, ஆற்றலரி ஆகியவை இடம் பிடிக்கின்றன.

இரண்டு கரைகளையும் இணைக்கும் பாடம் ஒன்று உண்டு. கடல் மணலில் படரும் அடம்பும், குளத்து நீரில் உள்ளீடற்ற தண்டோடு மிதக்கும் வள்ளைக்கீரையும், ஏரிக்கரையில் ஆளுயரத்துக்கு வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஐபோமியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றின் பூவும் புனல் வடிவில் இருக்கும், இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், மொட்டு முறுக்கிக்கொண்டிருக்கும். முதல் இரண்டும் இம்மண்ணில் நெடுங்காலமாக வளர்பவை. மூன்றாவது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. வாழிடம் உடலை மாற்றினாலும் பூவின் அமைப்பு உறவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஏரிக்கரையில் ஒரு குடும்பத்தின் பூவை அறிந்தவர், முதன்முறை கடற்கரைக்குப் போகும்போதும் அடம்பின் உறவை அடையாளம் கண்டுவிடுவார்.

நீர்த்தேக்கத்தின் ஆண்டு ஏற்ற இறக்கம்

கடலில் ஓதம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் அந்த ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு ஒரு சுற்றாக நடக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும்போது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீர்வரத்து கூடுகிறது. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமான கணக்கு. இடையில் நீர் வெளியேற வெளியேற, கரையில் வண்டல் படிந்த நிலம் பட்டை பட்டையாக வெளிப்படும். நீர் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும்கூட வெளியே தெரியும்.

வெளிப்பட்ட வண்டலில் முதலில் முளைப்பவை விரைவில் பூத்துக் காய்த்து முடியும் சிறு செடிகள். தமிழகத்தில் நீர் வற்றிய ஏரிகளிலும் அணைப் படுகைகளிலும் தரையோடு தரையாகப் படரும் செருப்படை, சிறுசெருப்படை, மஞ்சள் பொத்தான் பூக்கள் கொண்ட மாசிபத்திரி, ஊதாநிறத் தலைகளோடு நிற்கும் கொட்டைக்கரந்தை ஆகியவை இவ்வகை. ஈரம் நெடுநாள் தங்கும் ஓரத்தில் பொடுதலை, நீர்ப்பிரமி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. சற்று மேட்டில் ஆடைகளில் ஒட்டிக்கொள்ளும் கொக்கிக் காய்களோடு மருளூமத்தை. அதற்கும் மேலே, ஆண்டில் சில வாரங்களே மூழ்கும் இடத்தில், நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும்.

இங்கே தருமபுரிக்காரர்களுக்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. படம் எடுத்த தேதி தெரிந்தால் அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்பதும் தெரிந்துவிடும். செடி நின்ற இடத்துக்கும் அன்றைய நீர்விளிம்புக்கும் இடையிலான உயரத்தைத் தோராயமாக அளந்துவைத்தால், அந்த இடம் எந்த மட்டத்தில் இருக்கிறது, நீர் அதை விட்டு இறங்கி எத்தனை நாளாயிற்று என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு செருப்படைப் படம் இப்படி ‘இந்த மண் வெளிப்பட்டு இத்தனை வாரத்தில் இந்தச் செடி பூத்தது’ என்னும் தரவாகிறது.

இரண்டு மருதுகள்

காவிரிக் கரை மரங்களில் முதலில் கற்க வேண்டியது நீர்மருது. பெயருக்கேற்ப ஆற்றோரத்தை விட்டு அதிகம் விலகாத மரம். இதன் நெருங்கிய உறவான கருமருது அதே மாவட்டத்தின் மலைச்சரிவுக் காடுகளில் வளர்கிறது. இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் குழப்பும்: இரண்டிலும் நீள்வட்ட இலைகள் ஏறக்குறைய எதிரெதிராக அமைந்திருக்கும், இலையடியில் சிறு சுரப்பிகள் இருக்கும்.

பிரித்தறிய முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். நீர்மருதின் பட்டை வழவழப்பானது. வெளிறிய சாம்பலில் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும். பெரிய மெல்லிய தகடுகளாக உரியும். கருமருதின் பட்டை கருத்து, ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். அடுத்து காய். இரண்டுக்கும் ஐந்து சிறகுள்ள காய்தான். கருமருதின் சிறகுகள் அகலமானவை. அவற்றின் கோடுகள் நடுவிலிருந்து விளிம்புவரை கிடைமட்டமாக ஓடும். நீர்மருதின் சிறகுகள் குறுகியவை. கோடுகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். காயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் ஐயமே இருக்காது. மரத்தடியில் கிடக்கும் பழைய காயே இதற்குப் போதும், பறிக்கத் தேவையில்லை.

இந்தக் கரைமரங்களை நம்பி வாழும் உயிர்களும் உண்டு. காவிரிக் கரைக் காடுகளில் வாழும் நரைமலை அணில் தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவியே நகர்கிறது. அதற்கு உச்சிக் கிளைகள் தொடர்ந்திருக்க வேண்டும். எந்த மரம் எங்கே நிற்கிறது, எங்கே தொடர்ச்சி அறுந்திருக்கிறது என்னும் பதிவு அணில் ஆய்வாளருக்கும் உதவும்.

அடையாளம் காணும் வரிசை

பூ அழகாக இருக்கிறது என்று அதை மட்டும் படமெடுத்துத் திரும்புவது தொடக்கத்தில் பலரும் செய்வது. அந்தப் படத்தை வைத்துப் பெரும்பாலும் பேரினத்தைத்தான் சொல்ல முடியும், இனத்தைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரே வரிசையைப் பின்பற்றுவது நல்லது: முழுச் செடி, அது நிற்கும் இடம், இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை தண்டோடு சேரும் கணு, பூ முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், காய். மரமானால் பட்டையும் சேரும். ஏதாவது ஒரு படத்திலாவது அளவுகோலோ நாணயமோ அருகில் இருக்க வேண்டும்.

கணுவைப் படமெடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஆற்றலரி சான்று. அது சார்ந்த குடும்பத்தில் இலைக்காம்பின் அடியில் தண்டைச் சுற்றிக் காகிதம் போன்ற மெல்லிய உறை இருக்கும். ஆற்றலரியில் அந்த உறையின் விளிம்பு மயிரின்றி வழவழப்பாக இருக்கும். அதே கரையில் வளரும் அதன் உறவினங்கள் சிலவற்றில் விளிம்பில் நீண்ட மயிர்கள் நிற்கும். இளஞ்சிவப்புப் பூங்கதிர் இருவகையிலும் இருப்பதால் பூவைப் பார்த்துப் பெயர் சொன்னால் தவறிவிடும்.

பொன்னாங்கண்ணியில் இந்தக் கவனம் சமையலறைவரை வந்து நிற்கிறது. கீரையாகப் பறிக்கும் பொன்னாங்கண்ணியில் வெள்ளைப் பூத்தலைகள் காம்பின்றி இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நீர்நிலைகளை மூடிவிடும் அதன் உறவினத்தில் பூத்தலை நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். தண்டு தடித்து உள்ளே கூடாக இருக்கும். முன்னது கீரை, பின்னது நீர்நிலை மேலாளர்களுக்கு எச்சரிக்கை. காம்பு தெரியும் ஒரு படம் இரண்டையும் பிரித்துவிடும்.

புல்லையும் கோரையையும் பிரிக்கக் கண்ணைவிட விரல் உதவும். தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டினால் புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும், அதில் கணுக்களும் தட்டுப்படும். கோரைகளில் பெரும்பாலானவற்றின் பூந்தண்டு மூன்று பட்டையாக உருளாமல் நிற்கும். இடையில் கணு இருக்காது. கரைத் தாவரங்களில் பலவும் இவ்விரு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதால், இந்தச் சோதனையை முதல் நாளே பழகிக்கொள்வது பின்னால் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

பதிவு எப்போது அறிவியலாகிறது?

ஒரு காட்சி தரவாவதற்கு நான்கு வேண்டும்: என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. இவற்றுடன் பிறர் சரிபார்க்கத்தக்க சான்றும் வேண்டும். 2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகலை மாணவர் திட்டப்பணியாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையதளமும் செயலியும் இந்த முறையில் இயங்குகின்றன. படத்தை ஏற்றியதும் இடமும் தேதியும் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். பதிவுசெய்தவர் ஒரு பெயர் தருவார். மற்றவர்கள் ஒப்புவார்கள் அல்லது வேறு பெயர் சொல்வார்கள். பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தை ஏற்றுக்கொண்டால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், அந்தப் பதிவு ஆராய்ச்சித் தரம் பெறும். உரிமம் இடம்கொடுத்தால் அது 2001-இல் தொடங்கிய உலகப் பல்லுயிர்த் தரவு அமைப்பான ஜிபிஐஎஃப்-க்குப் போய்ச் சேரும். நட்டு வளர்த்த செடியை அப்படியே குறிக்க வேண்டும். பூங்காவில் நட்ட மரம் காட்டு மரமாகப் பதிவானால் பரவல் வரைபடமே பிழையாகிவிடும். இந்தியாவில் 2008 முதல் இயங்கும் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் இதேபோல் பதிவிடலாம்.

செயலி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்பது ஆபத்து. அது முன்பு பார்த்த படங்களை வைத்தே பெயர் சொல்கிறது. அதிகம் படமெடுக்கப்படாத நம் கோரைகளுக்கு அது வேறு கண்டத்து இனத்தின் பெயரைச் சொல்லக்கூடும். அந்தப் பெயரை நூலோடு ஒப்பிட வேண்டும். சென்னை மாகாணத்துக்கு ஜே. எஸ். கேம்பிள் தொடங்கி சி. இ. சி. ஃபிஷர் முடித்த தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரகத்திலிருந்து கே. எம். மேத்யூ உருவாக்கிய ‘தமிழ்நாடு கர்நாட்டிக்’ தாவரத் தொகுதி 1981 முதல் வெளியாயிற்று. அதன் கோட்டுப்படங்கள் கணுவையும் காயையும் தனித்தனியே காட்டுகின்றன. செயலி தரும் பெயரை அங்கே தேடி, விவரிக்கப்பட்ட உறுப்புகள் ஒவ்வொன்றும் கையில் உள்ள செடியோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் கற்றல்.

ஒரே மரம், வாரம் ஒரு முறை

ஒரு செடியை ஒரு முறை பார்த்துப் பதிவது ஒரு வகை. ஒரே மரத்தைத் தொடர்ந்து பார்ப்பது இன்னொரு வகை. இந்திய மரங்களின் பருவ மாற்றங்களைத் தொகுக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் ஒருவர் ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் துளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஆகியவை இல்லை, கொஞ்சம், நிறைய என்னும் மூன்று நிலைகளில் எதில் இருக்கின்றன என்று குறிக்கிறார். பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய வேலை இது. எண்ணிக்கை தேவையில்லை, தவறாமல் பார்ப்பதே முக்கியம்.

ஆற்றோரப் புங்கமரம் இதற்கு ஏற்றது. கோடையின் தொடக்கத்தில் சில நாட்கள் இலையுதிர்த்து, பளபளக்கும் துளிர் விட்டு, ஏப்ரல், மே வாக்கில் வெள்ளையும் ஊதாவும் கலந்த பூக்களைச் சொரியும். அந்தப் பூவிலிருந்து வந்த காய் முற்ற அடுத்த கோடை நெருங்கிவிடும். கரையில் நிற்கும் புங்கம் ஒன்றையும், நீரிலிருந்து தள்ளிச் சாலையோரத்தில் நிற்கும் புங்கம் ஒன்றையும் சேர்த்துப் பார்த்துவந்தால், நிலத்தடி ஈரம் துளிர்க்கும் நாளை முன்பின் தள்ளுகிறதா என்ற கேள்விக்குத் தரவு கிடைக்கும்.

கயிறும் சட்டமும்

கரைப் பட்டைகளை ஒழுங்காகப் பதிய நீண்ட கயிறு ஒன்றும், மீட்டருக்கு மீட்டர் அளவுள்ள மரச்சட்டம் ஒன்றும் போதும். நீர்விளிம்பிலிருந்து மேட்டு மரம் வரை கயிற்றை நேராக விரிக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே உள்ள இனங்களையும் ஒவ்வொன்றும் தரையில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். செடியே இல்லாத சட்டத்தையும் ‘வெறும் வண்டல்’ என்று எழுதியே ஆக வேண்டும். பெயர் தெரியாத செடிக்கு ‘அ’, ‘ஆ’ என்று குறியிட்டுப் படமெடுத்துக்கொண்டால் போதும். பெயர் பிறகு வரும். கயிற்றின் மேல்முனையை நிலையான மரத்திலோ பாறையிலோ கட்டினால், நீர்மட்டம் மாறிய பின்னும் அதே கோட்டில் மறுபடி அளக்கலாம்.

இல்லாததையும் எழுதுவது இந்த முறையின் பலம். தனித்தனிப் படப் பதிவுகளில் அது கிடைக்காது. ஒரு செடி வரைபடத்தில் இல்லையென்றால், அங்கே அது வளரவில்லையா, யாரும் போகவில்லையா, போனவர் படமெடுக்கவில்லையா என்று தெரியாது. அப்படிப்பட்ட படப் பதிவுகள் சாலையோரத்திலும் சுற்றுலா இடங்களிலும் விடுமுறை நாட்களிலும் குவிவது வழக்கம். பெரிய பூக்கள் நிறைய வரும், புல்லும் கோரையும் குறைவாக வரும். ஒகேனக்கல் அருவிக்கரையில் மட்டும் படமெடுத்தால் இந்தச் சாய்வு அப்படியே தரவில் இறங்கும். நாகமரைப் பக்கமும் ஊர் ஏரியிலும் அதே மாதத்தில் சட்டம் வைத்தால் அது குறையும்.

சட்டமும் பாதுகாப்பும்

காவிரியை ஒட்டிய காடுகளில் பெரும்பகுதி சரணாலயம். 504.33 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ளன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் செடி பறிப்பதும் குற்றம். மாதிரி சேகரிப்பது வனத்துறை அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை; மற்றவர்களுக்குப் படம் போதும். அருகிய தாவரங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டுவது திருடர்களுக்கு வழிகாட்டிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் அருகிய இனங்களின் இடத்தைத் தானே தோராயமாக்கிக் காட்டுகிறது. மற்ற இனங்களின் இடத்தைப் பதிவிடுபவரே மறைத்துக்கொள்ளலாம்.

காவிரியில் முதலைகள் உண்டு. நீர்விளிம்பில் குனிந்து படமெடுக்கும்போது துணைக்கு ஒருவர் நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கர்நாடக அணைகளில் உபரிநீர் திறந்தால் ஒகேனக்கல்லில் வரத்து சட்டென்று ஏறும். பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்பட்ட நாட்களில் பாறைகளுக்குள் இறங்கக் கூடாது. வெளிப்பட்ட வண்டல் மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும்; கோலால் குத்திப் பார்த்தே காலை வைக்க வேண்டும்.

பதிவுகளின் பயன்

முதற்பயன் அயல் தாவரங்களைக் கண்காணிப்பது. ஆகாயத்தாமரையோ காம்புள்ள பொன்னாங்கண்ணியோ ஓர் ஏரியில் முதலில் தோன்றிய நாள் பதிவாகியிருந்தால், பரவும் முன்பே அகற்றலாம். இரண்டாவது, நீர்மட்டமும் முளைப்பும். அணை முந்தித் திறக்கும் ஆண்டிலும் பிந்தித் திறக்கும் ஆண்டிலும் கரைச் செடிகள் எப்படி மாறுகின்றன என்பதைப் பல ஆண்டுத் தொடர் பதிவிலிருந்துதான் அறிய முடியும். மூன்றாவது, ஊர்ப் பெயர்களும் பயன்பாடுகளும். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் அமைக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரும் மீனவரும் சொல்லும் பெயரைப் படத்தோடு எழுதிவைத்தால் அந்தப் பதிவேட்டுக்கு நேரடியாகப் பயன்படும்.

படத்தால் தீராத ஐயங்களும் உண்டு. சில கோரைகளையும் புற்களையும் விதையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். புதிய இனம் என்று சொல்ல உலர்த்திய மாதிரி கட்டாயம். அந்த வேலை கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம், ராபினாட் போன்ற தாவரகங்களுடையது. ஆனால் எந்தக் கரையில், எந்த மாதத்தில், நீர்மட்டம் எத்தனை அடி இருக்கும்போது போனால் அந்தச் செடி காயோடு கிடைக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லக்கூடியவர்கள், அதே கரையைத் தொடர்ந்து பார்த்து எழுதிவைத்திருக்கும் ஊர்க்காரர்கள்தாம்.